டிஎஸ்எச் இறங்கிவிட்டது, ஆன்டி-டிபிஓ மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. போன வருடம் டிஎஸ்எச் 11, ஆன்டி-டிபிஓ 640 என்று ரிப்போர்ட் வந்தது. 'ஹாஷிமோட்டோ, உங்கள் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது' என்றார் டாக்டர். தினமும் மாத்திரை போடுகிறேன். இப்போது டிஎஸ்எச் 2.4. ஆனால் ஆன்டி-டிபிஓ இன்னும் 580. மாத்திரை வேலை செய்யவில்லையா? எதிர்ப்புச் சக்திக்காக அம்மா தரும் அமுக்கரா சூரணத்தை நிறுத்தவா?

பதில்: மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது, பயப்படாதீர்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், போதுமான அளவு இருந்தால் இறங்கும். அந்த 2.4தான் அதற்குச் சாட்சி. ஆன்டி-டிபிஓ வேறு: அது தைராய்டுப் புரதம் ஒன்றைக் குறிவைக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்.

ஆரோக்கியமான தைராய்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இளஞ்சிவப்புக் கூழ் நிறைந்த வட்ட வட்டப் பைகள் தெரியும். ஹாஷிமோட்டோ வந்த சுரப்பியில் அந்தப் பைகள் சுருங்கிக் கிடக்கும்; சுற்றிலும் கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கும். 1912-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களிடமிருந்து அகற்றிய கழலைகளில் பார்த்து எழுதியது இதைத்தான்.

இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை இல்லை. உதவி டி செல்கள் தைராய்டுப் புரதத்தை அந்நியப் பொருள் என்று தவறாக நினைத்து மற்ற செல்களை ஏவுகின்றன. கொல்லும் டி செல்கள் தைராய்டு செல்லை ஒட்டி நின்று, அதன் சவ்வில் துளையிட்டு அழிக்கின்றன. பி செல்கள் ஆன்டி-டிபிஓவைத் தயாரிக்கின்றன. இவர்களையெல்லாம் அடக்கிவைக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களின் பிடி தளர்ந்துபோகிறது.

சேதத்தில் பெரும்பங்கு டி செல்களுடையது. ஆன்டி-டிபிஓ முக்கியமாக அந்தக் கூட்டம் அங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கதையே வேறு: அங்கே ஆன்டிபாடியே டிஎஸ்எச் அமர வேண்டிய இடத்தில் போய் அமர்ந்து, சுரப்பியை ஓயாமல் முடுக்குகிறது.

உங்கள் மாத்திரை தருவது குறைந்துபோன ஹார்மோனை. வெள்ளையணுக்களுக்கு அது கட்டளை எதுவும் இடுவதில்லை. அதனால் 580 அப்படியே நிற்கலாம். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். அந்த எண்ணை வைத்து டோஸ் மாற்றுவதில்லை என்பதால், திரும்பத் திரும்ப அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். டிஎஸ்எச் போதும்: டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில், அப்புறம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை.

சரி, சூரணம்? எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டிக் குறைக்கும் குழாய் அல்ல. இங்கே கோளாறு ஆளை அடையாளம் காண்பதில். நான் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் வேறு. அமுக்கரா சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும்; அப்போது உங்கள் டோஸ் சரியா தவறா என்றே கணிக்க முடியாது. கடல்பாசி மாத்திரைகளும் வேண்டாம், அதிக அயோடின் இந்த நோயைத் தூண்டும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் உறுதியானால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே அழையுங்கள். பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.