கறிவேப்பிலைச் செடியில நகர்ற எச்சம்

அக்கா வணக்கம். எங்க வீட்டுக் கொல்லையில கறிவேப்பிலைச் செடி இலையில குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்துச்சு, தட்டிவிடலாம்னு கிட்ட போனா நகருது! புழுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. அன்னையிலேர்ந்து தினமும் போன்ல போட்டோ எடுக்குறேன், எல்லாம் கலங்கலாவே வருது. நல்ல கேமரா வாங்கினாதான் முடியுமா? அம்மா வேற செடி மொட்டையாகுது மருந்தடின்னு சொல்லிட்டே இருக்காங்க.
- தஞ்சாவூர் வாசகர்

தம்பி, முதல்ல அம்மாகிட்ட நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு, மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த இலையைத்தானே நாளைக்கு ரசத்துல போடப்போறோம். நல்லா வேர் பிடிச்ச செடின்னா மொட்டையானாலும் திரும்பத் துளிர்த்துக்கும். செடி ரொம்ப சின்னதுன்னா புழுவைத் தொடாம இலையோட கிள்ளி பக்கத்துல எலுமிச்சையோ நார்த்தங்காயோ இருந்தா அதுல வச்சிரு, அதையும் தின்னும்.

நீ பாத்தது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கும். நாலாவது தடவை தோல் உரிச்சதும் அந்த எச்ச வேஷம் போயி பச்சையாயிடும், நேத்து இருந்த புழுவைக் காணோமேன்னு நீ தேடிட்டு இருப்ப, அது அதே கிளையிலதான் இலையோட இலையா உக்காந்திருக்கும்.

கேமரா இப்ப வாங்காத. கலங்கலுக்குப் பாதி காரணம் காத்து, மீதி நீ ரொம்ப கிட்ட போறது. காலையில ஏழு மணிக்குள்ள போ, காத்தும் குறைவு, வெயிலும் உறைக்காது. இடது கையால கிளையை லேசா பிடிச்சுக்கோ, போனைக் கொஞ்சம் தள்ளி வச்சு எடுத்துட்டு அப்புறம் கிராப் பண்ணிக்கோ. சின்னதைப் பெருசா காட்டுற, போன்ல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது, ஆனா அதுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூரத்துலதான் தெளிவா தெரியும், அதனால ஸ்கிரீனைத் தட்டிட்டே இருக்காம போனையே மெதுவா முன்ன பின்ன நகர்த்து. நிழல் விழுற பக்கம் ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சா போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

கண்ணுல ஃபோகஸ் வைங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பச்சைப் புழுவுல அங்கதான் ஏமாறுவோம். முன்பக்கம் முழிச்சுப் பாக்குற மாதிரி ரெண்டு பெரிய கண்ணு இருக்கே, அது கண்ணே இல்ல, வெறும் புள்ளி. நிஜத் தலை அதுக்குக் கீழ குனிஞ்சு இலையைக் கடிச்சிட்டு இருக்கும், அதுல கண்ணு ஊசிமுனை அளவுக்குத்தான். இது எனக்கு விளங்கவே ஒரு மாசம் ஆச்சு, அதுவும் எடுத்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தப்பதான். ஒரு குச்சியால லேசா தொட்டா தலைக்குப் பின்னாடியிருந்து பாம்பு நாக்கு மாதிரி சிவப்பா ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு நீட்டும், கூடவே ஒரு நெடி வரும். ஒரு தடவை பாத்தா போதும், போட்டோவுக்காகத் திரும்பத் திரும்ப சீண்டாத, பாவம்.

கூட்டுப்புழு ஆனப்புறம் தினமும் பாரு. கூடு கறுத்து உள்ள றெக்கை தெரிய ஆரம்பிச்சா மறுநாள் காலையில சீக்கிரம் எழுந்திரு. எல்லாக் கூட்டுலயும் பட்டாம்பூச்சி வராது, அதையும் இப்பவே சொல்லிடுறேன். போன வருஷம் நான் பத்து நாளா காத்திருந்த ஒண்ணுல சின்ன ஓட்டை விழுந்து, உள்ள இருந்ததைத் தின்னு வளர்ந்த, கடுகுல பாதி இருக்குற குட்டிக் குளவிங்க வரிசையா வெளிய வந்துச்சு, எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல, ஆனாலும் போட்டோ எடுத்தேன், அதுவும் நம்ம கொல்லையில பொறந்ததுதானே.

நல்லபடியா வெளிய வந்துச்சுன்னா பக்கவாட்டுல ஒரு போட்டோ கண்டிப்பா எடு. கறிவேப்பிலை அழகி பெண்ணுல ஒரு வகை ரோஜா அழகிங்கிற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரி அச்சு அசலா இருக்கும். ரோஜா அழகி புழுவா இருக்குறப்ப ஆடுதீண்டாப்பாளைங்கிற விஷச்செடியைத் தின்னு வளருது, அந்த விஷம் உடம்புலயே தங்கிடும், பறவைங்க தொடாது. நம்மாளுக்கு விஷம் கிடையாது, அதே மாதிரி றெக்கையை வச்சே தப்பிச்சுக்குது. உடம்பைப் பாத்தா தெரிஞ்சிடும், ரோஜா அழகிக்கு சிவப்பு, இதுக்குக் கறுப்பு. எடுத்ததும் எனக்கு அனுப்பு, அம்மாவுக்கும் காட்டு.