புதுத் தைரியமா?

கே: 'காந்தாரா' போன்ற சாமியாடும் படங்கள் நாடெங்கும் ஓடுகின்றனவே, நம் மண்ணின் வழக்கத்தை அப்படியே காட்டும் இந்தத் தன்னம்பிக்கை புதுசா?
– வாசகி, தேவகோட்டை

ப: புதுசு என்று சொல்ல மனம் வரவில்லை ஆச்சி. உங்கள் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக் கொட்டகை போட்டு ஏவி.எம். செட்டியார் எடுத்த 'நாம் இருவர்' வந்தது 1947 ஜனவரியில். சுதந்திரம் ஆகஸ்டில்தான்! அதற்குள் பாரதி பாட்டைப் பாடி டி.கே.பட்டம்மாள் விடுதலையைக் கொண்டாடிவிட்டார்.

2022-ல் 'காந்தாரா' வந்தபோது வேறொன்று நடந்தது. கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில் தெய்வம் இறங்கி ஆடும் பூதக்கோலத்தை மெருகு பூசாமல் காட்டினார்கள். மற்ற மொழிக்காரர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இங்கே செட்டிநாட்டு வீடுகளுக்குப் படப்பிடிப்புக்கு வருகிறவர்களோ ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தையும் தேக்குத் தூணையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் (வாடகை ஒழுங்காக வருகிறது, அது வரைக்கும் சரி). நம் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று, எரியும் திரியோடு மாவை வாயில் போட்டு இழை எடுத்துக்கொள்கிறோமே, அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.