நாத்தனார் பாதி படித்த அகராதி

கேள்வி: மகளுக்குச் செசிலியா என்று பெயர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. "அதற்குக் குருடி என்று அர்த்தமாம், வேறு பெயரே கிடைக்கவில்லையா?" என்கிறார் என் நாத்தனார் ஷீலா. மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. நாத்தனார் அகராதியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார், பாதியிலேயே மூடிவிட்டார்.

லத்தீனில் 'கைக்குஸ்' என்றால் பார்வையற்றவர். அது சரி. பெருங்குடல் தொடங்குமிடத்தில் ஒருபக்கம் அடைபட்ட பை ஒன்று இருக்கிறதே, அதை மருத்துவர்கள் 'சீக்கம்' என்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். ஆனால் ரோமானியர் மகளுக்கு அர்த்தம் பார்த்துப் பெயர் தேடவில்லை. குலப்பெயரையே பெண்பாலாக்கிச் சூட்டிவிடுவார்கள். ஜூலியஸ் குலத்துப் பெண் ஜூலியா, கைக்கிலியுஸ் குலத்துப் பெண் கைக்கிலியா. அடுத்ததும் பெண்ணா? அவளுக்கும் அதே பெயர்! ரோமில் ஆப்பியன் சாலையோரம் கைக்கிலியா மெத்தெல்லா என்ற சீமாட்டியின் வட்டக் கல்லறை இன்றும் கோட்டைபோல நிற்கிறது. அந்தக் 'கைக்கிலியா'தான் பின்னாளில் நாக்குப் புரண்டு செசிலியா ஆயிற்று.

குலத்துக்கு அப்பெயர் வந்ததற்கு ஒரு புராணக்கதை உண்டு. மூதாதை கைக்குலுஸ் நெருப்பருகே கண்டெடுக்கப்பட்ட குழந்தை. புகை பட்டுக் கண் இடுங்கிப்போனதாம். அவ்வளவுதான் அந்தக் 'குருடு'.

உலகம் இந்தப் பெயரை மறக்காததற்குக் காரணம் வேறு. இசைக்கலைஞர்களின் பாதுகாவலர் புனித செசிலியா; திருநாள் நவம்பர் 22. வேடிக்கை என்னவென்றால், பழைய வரலாற்றில் அவர் எதையும் வாசிக்கவே இல்லை. திருமணத்தில் வாத்தியங்கள் முழங்க, அவர் மனசுக்குள் கடவுளுக்குப் பாடினார் என்றுதான் இருக்கிறது. கையில் ஆர்கன் என்ற குழல் வாத்தியத்தைக் கொடுத்தது பின்னால் வந்தவர்கள். இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கும், ஓவியர் ரஃபேல் தீட்டிய செசிலியா ஓவியம் எனக்கு அதனாலேயே பிடிக்கும். ஆர்கன் தலைகீழாகத் தொங்குகிறது, குழல்கள் நழுவி விழுகின்றன, காலடியில் உடைந்த வாத்தியங்கள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மேலே வானவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிலர் 'சிசிலித் தீவுப் பெயரா?' என்பார்கள். இல்லை.

இன்னொன்று. நம் ஷீலா 'சீலம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆனால் அயர்லாந்துக்காரர்களுக்கும் ஒரு ஷீலா உண்டு. செசிலியாவை அவர்கள் தங்கள் மொழியில் 'ஷீல' ஆக்கிக்கொண்டார்கள், அதுவே ஆங்கிலத்தில் ஷீலா. நாத்தனாரிடம் இதை எப்போது சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.