அடீனியம்: கேளுங்கள், சொல்கிறேன்

அடீனியம் என்பது பாலைவன ரோஜா; தண்டின் அடி கிழங்கு மாதிரி பருத்திருக்கும் பூச்செடி. அதை மாடியில் வளர்க்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன்பே இரண்டு விஷயம். ஈரம் இருக்கும் மண்ணில் மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள். செடியை வெட்டினால் வடியும் பால் விஷம், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். நடுநடுவே இதையே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை: அக்கா, மழைக்கு அப்புறம் கிழங்கு ஒரு பக்கம் அமுங்குகிறது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. காப்பாற்ற முடியுமா?

முதலில் அது அழுகலா தாகமா என்று பாருங்கள். தாகம் என்றால் கிழங்கு முழுக்கவே தளர்ந்து, தோல் லேசாகச் சுருங்கியிருக்கும். மண் காய்ந்து தொட்டி இலேசாக இருக்கும். அழுகல் ஓரிடத்தில் தொடங்கும், பெரும்பாலும் மண்ணை ஒட்டி. விரலால் அழுத்தினால் குழைவாகப் போகும், தோல் கறுத்திருக்கும், சில நேரம் பழுப்பாக நீர் கசியும். நீங்கள் சொல்வது இரண்டாவது.

இன்றைக்கே செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். வேர் மண்ணை உதறிவிட்டு, கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகிய பாகத்தை வெட்டுங்கள். வெட்டிய இடம் சுத்தமான வெள்ளையாக வர வேண்டும். பழுப்பாக ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள், கத்தியை மறுபடி துடைத்துவிட்டு. இங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. பாதிக் கிழங்கு போனாலும் செடி பிழைக்கும், அந்த ஒரு புள்ளியை விட்டுவைத்தால் பிழைக்காது. வெட்டுவாயில் கார்பன்டசிமும் மான்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூளைப் பூசி, மழை படாத, காற்றோடும் நிழலில் ஒரு வாரமாவது படுக்கப் போடுங்கள். வெட்டுவாய் காய்ந்து இறுகிய பிறகு புதுக் கலவையில் நட்டு, சில நாள் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியைச் சன்ஷேடு அடியில் தள்ளி வையுங்கள். சென்னைப் பக்கம் அடீனியம் சாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கத்திரி வெயிலில் செத்தது குறைவு.

திருச்சி: பாலைவனச் செடிதானே மேடம், வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும் என்கிறார்களே?

கிழமை பார்த்து ஊற்றுகிற செடி இல்லை இது. இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலமும் அரேபியத் தென்கோடியும். மழை பெய்யும்போது குடித்துக் கிழங்கில் சேர்த்து வைத்து, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு அதைக் கொண்டு காலம் தள்ளும். அதனால் சூடும் வெயிலும் இருந்து இலை துளிர்க்கும் மாதங்களில் நன்றாகவே குடிக்கும். மே மாதத் திருச்சியில் சின்னத் தொட்டிக்குத் தினமும்கூடத் தேவைப்படலாம். மார்கழி, தையில் இலை உதிர்த்து நிற்கும்போது அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: கனமாக இருந்தால் வேண்டாம், இலேசாக இருந்தால் அடித் துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் தெளிப்பது மட்டும் வேண்டாம், மேல் மண் எப்போதும் ஈரமாகவே கிடக்கும்.

தாம்பரம்: மண் கலவை?

ஊற்றிய தண்ணீர் அரை நிமிடத்தில் அடியில் வர வேண்டும். அது வந்தால் உங்கள் கலவை எதுவானாலும் சரி. நான் போடுவது: பருமணல் அல்லது சலித்துத் தூசி நீக்கிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, தவிர்த்துவிடுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே நாள் கணக்கில் ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும்.

மதுரை: வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா?
வேலூர்: அரிசி கழுவிய தண்ணீர்?
மறுபடி மதுரை, வேறொருவர்: முட்டை ஓடு, டீத்தூள்?

சமையலறைக் கழிவு உரக்குழிக்குப் போகட்டும். மக்கி உரமான பிறகு தொட்டிக்கு வரலாம். ஊறவைத்த தண்ணீரில் சத்து கொஞ்சம், கொசுவும் பூஞ்சையும் நிறைய. துளிர்க்கும் காலத்தில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மொட்டு கட்டும்போது சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 உரம் அதே அளவு. யூரியா வேண்டவே வேண்டாம், கிளை ஒல்லியாக நீண்டு பூக்காமல் நிற்கும்.

ஈரோடு: பால் வடியும் செடியை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

அதை ஜோசியரிடம் கேளுங்கள். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னால் மட்டும் மாமியார் பக்கம் நான்.

தென்காசி: அம்மா, எருக்கம்பால் மாதிரி இதன் பாலை மூட்டுவலிக்குத் தடவலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

தடவாதீர்கள், சாப்பிடாதீர்கள், கஷாயம் வைக்காதீர்கள். இது அரளிக் குடும்பம். பாலில் இருப்பது இதயத் துடிப்பையே குலைக்கிற கிளைகோசைடு வகை. தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்சா வேட்டைக்காரர்கள் அடீனியத்தின் பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்கி அம்பு முனையில் பூசுகிறார்கள். நமீபியாவில் இன்னொரு அடீனியம் இதே வேலைக்குப் பயன்படுகிறது. பெரிய விலங்கையே சாய்க்க வைத்திருந்த சரக்கு அது, உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஆப்பிரிக்காவில் இதை மருந்தாகவும் கையாள்கிறவர்கள் உண்டு என்று யாராவது வாதாடினால், அளவு தெரிந்தவர் செய்வது வேறு, வாய்ச்சொல் கேட்டுத் தடவுவது வேறு என்று சொல்லுங்கள். பால் தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். குழந்தையோ நாயோ மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள். செடியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார்.

ராமநாதபுரம்: ஆடு மேயாது என்றால் வேலியோரம் நடலாமா?

நடலாம், ஆனால் அடீனியம் வேலியாக அடர்ந்து வராது, விலையும் கட்டாது. அந்த வேலைக்குச் சாதாரண அரளி இருக்கிறது. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நிற்பது அதுதான்: மாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. உங்கள் ஊர் வெயிலுக்கு அடீனியத்தை வாசல் மேட்டில் தரையில் ஒன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால் போதும்.

சலாலா, ஓமன்: இங்கே மலைச் சரிவில் இலையே இல்லாமல் பூத்து நிற்கிறது. ஊருக்கு ஒரு செடி கொண்டுவர முடியுமா?

தோண்டாதீர்கள். தோபார் மலையில் நீங்கள் பார்ப்பது காட்டுச் செடி, அந்தப் பருமனுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அனுமதிச் சீட்டும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் செடியோ விதையோ இந்தியாவுக்குள் கொண்டுவரவும் முடியாது. போட்டோ மட்டும் அனுப்புங்கள், எனக்குப் பொறாமையாக இருக்கும். அப்படியே ஏமன் பக்கம் போனால் சொகோத்ரா தீவில் மரம் மாதிரி நிற்பதையும் பார்க்கலாம். இங்கே ‘தாய் சொகோ’ என்று விற்பது தாய்லாந்தில் வளர்த்துப் பெருக்கியது, அந்தத் தீவிலிருந்து பிடுங்கி வந்தது இல்லை.

சேலம்: இணையத்தில் நீல அடீனியம் விதை விற்கிறார்கள். கறுப்பும் இருக்கிறது. வாங்கலாமா?

நீல அடீனியம் கிடையாது. படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். கறுப்பு என்பது ஆழ்ந்த மெரூன், வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, எந்த அடுக்குப்பூ விதையை விதைத்தாலும் தாய்ப் பூ அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திருவள்ளூரில் நர்சரி வைத்திருக்கும் நண்பர்: அதனால்தான் ஒட்டுச்செடி வாங்குங்கள் என்கிறோம். காசு கொடுக்கிறவருக்கு என்ன பூ என்று தெரிய வேண்டாமா?

கோவையிலிருந்து ஒரு பெரியவர்: ஒட்டுச்செடியைச் செடி என்று சொல்லாதீர்கள் தம்பி. ஒல்லிக் கிழங்கின் தலையில் நாலு குச்சி, ஒட்டிய இடத்தில் ஒரு கழலை. அடியிலிருந்து துளிர் வந்தால் ஒற்றைப் பூ. விதைச்செடியின் கிழங்கழகு வருமா?

நர்சரிக்காரர்: ஐயா, கிழங்கைப் பார்க்க யார் வருகிறார்கள்? மூன்றடுக்கு மஞ்சள் கேட்டுத்தான் வருகிறார்கள்.

கோவை: வாங்கிப் போன மூன்றாம் மாதம் மஞ்சள் வெளுத்துவிட்டது என்று உங்களிடமே திரும்பி வருகிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மஞ்சள் கடும் வெயிலில் வெளுப்பது உண்மை, அது ஒட்டின் குற்றமில்லை, அந்த நிறத்தின் குணம். அடியில் வரும் துளிரைக் கிள்ளாமல் விட்டால் அது மேல் ஒட்டை அமுக்கிவிடும், அதுவும் உண்மை. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை நண்பரே. கோவை ஐயா சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு: பூ வேண்டும் என்று வந்தவரிடம் விதைச்செடியைக் கொடுத்து ‘இரண்டு வருஷம் காத்திரு, வெளிர் ரோஸ் வந்தால் சந்தோஷப்படு’ என்று சொன்னால் அவர் அடுத்த தடவை செம்பருத்தி வாங்கிப் போவார்.

என் வழி வேறு. மலிவான விதைச்செடியை வாங்கி, கிழங்கு பருத்து, கிளைகள் பென்சில் கனத்துக்கு வரும் வரை வளருங்கள். அப்புறம் பிடித்த நிறத்தை நீங்களே ஒட்டுங்கள். கிளையை மட்டமாக வெட்டி, வடியும் பாலைத் துடைத்து, நடுவே ‘வி’ வடிவில் கீறுங்கள். அதே கனத்தில் ஒரு அங்குல ஒட்டுக்குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பட்டையோடு பட்டை சேரும்படி பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சின்னக் கவரைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குச்சியின் கண் பச்சையாக விழிக்கும். சுருங்கிக் கறுத்தால் பிடிக்கவில்லை, கீழே வெட்டி மறுபடி செய்யலாம். ஒரே செடியில் ஒரு கிளை சிவப்பு, ஒரு கிளை வெள்ளை என்றும் வைக்கலாம். கோவை ஐயாவுக்குப் பிடிக்காது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மழை மாதத்தில் ஒட்டாதீர்கள். பால், கண், கை: மறக்க வேண்டாம்.

நர்சரிக்காரர்: அப்போது என் வியாபாரம்?

ஒட்டுக்குச்சி விற்கலாமே.

காஞ்சிபுரம்: ஒரே ராத்திரியில் இலையெல்லாம் காணோம். எலியா?

கீழே உருண்டை உருண்டையாகக் கறுத்த எச்சம் கிடக்கிறதா? அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. விரல் கனம், இலைப் பச்சை, தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீலக் கண் மாதிரிப் புள்ளி, வால்பக்கம் ஒரு கொம்பு. காம்போடு ஒட்டியிருப்பதால் நேரே பார்த்தாலும் தெரியாது. டார்ச் அடித்துத் தேடுங்கள். கொடுக்கு கிடையாது, கையால் எடுத்துப் பக்கத்து அரளியில் விட்டுவிடலாம். மருந்து வேண்டாம். மொட்டில் மொய்க்கும் மஞ்சள் அசுவினிக்கு மட்டும் வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

ஆவடி: மழையில் கிழங்கு மெத்தென்று இருக்கிறது...
பல்லாவரம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்...
போரூர்: மேடம், வாரம் ஒருமுறை...

ஆவடிக்கு முதல் பதில். மற்ற இருவருக்கும் இரண்டாவது. தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொடைக்கானல்: இங்கே வளருமா?

பத்து டிகிரிக்குக் கீழே போனால் திணறும். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் பிழைக்கும், பூக்கத் தயங்கும். உங்கள் ஊரில் வளர்க்க எத்தனையோ இருக்கிறது.

கரூர்: மூன்று வருஷச் செடி, ஒற்றைக் குச்சியாக நுனியில் மட்டும் பூக்கிறது. கவாத்து எப்போது?

மாசியில். குளிர் விட்டு, செடி துளிர்க்கத் தொடங்கும் நேரம். பூ புதுக் கிளை நுனியில்தான் வரும், அதனால் நுனி எத்தனையோ பூங்கொத்து அத்தனை. தயங்காமல் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் இரண்டு மூன்று கண் விழிக்கும். தொட்டி மாற்றுவதையும் அப்போதே முடியுங்கள். கிழங்கை முன்பைவிட ஒரு அங்குலம் உயர்த்தி நட்டால் மேல் வேர்கள் வெளியே தெரிந்து பருக்கத் தொடங்கும். இத்தனை நாள் மண்ணுக்குள் இருந்த தோல் என்பதால் முதல் இரண்டு வாரம் மதிய வெயில் நேராகப் படாமல் வையுங்கள். வெட்டிய குச்சிகளைத் தூக்கி எறியாதீர்கள். மணலில் நட்டால் வேர் விடும், ஆனால் விதைச்செடி மாதிரி உருண்டைக் கிழங்கு எதிர்பார்க்க வேண்டாம். தினமும் ஆறு மணி நேரம் வெயில் கிடைத்தால் சித்திரை கடைசியில் மொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொட்டி நிழலில் இருக்கிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.