ஒரே ஒரு நாள், உச்சிக்கா ஏரிக்கா?

கேள்வி: ஜூனில் குடும்பத்தோடு ஐரோப்பா டூர். ஸ்விட்சர்லாந்தில் லூசர்னில் தங்குகிறோம், எங்கள் இஷ்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. யுங்ஃப்ராவ் மலை ரயிலுக்கு இப்போதே பணம் கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். அது வேண்டாமென்றால் ஏரிகளைச் சுற்றலாமாம். 'ஏரி பார்க்கவா இவ்வளவு செலவு?' என்கிறார் கணவர். ரத்த அழுத்தம் உள்ள 70 வயது மாமியாரும் வருகிறார்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இப்போதே கட்டாதீர்கள். மேலே உள்ள ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து 1912-லேயே ரயில் விட்டிருக்கிறார்கள், பெரிய சாதனைதான், வானம் தெளிந்திருந்தால் அலெட்ச் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரிய பனிப்பாளம், கண்முன்னே நீண்டு கிடக்கும். ஆனால் மேகம் மூடிவிட்டால் அத்தனை பேர் டிக்கெட் காசும் போச்சு. லூசர்னிலிருந்து போய்வர ஏழு மணி நேரம் போல வண்டியிலேயே கழியும். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கீழே இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டாக்டரைக் கேட்காமல் மாமியாரைக் கூட்டிப் போவது தப்பு, இதை ஏஜென்ட் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன். நீங்கள் சுற்றப் போகும் பிரியன்ட்ஸ் ஏரி நம்மூர் ஏரி மாதிரி மழைநீரைத் தேக்கியது இல்லை. 260 மீட்டர் ஆழம். மேலே பனியாறுகள் நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகின்றன, அந்த மாவு ஆறுகளோடு இறங்கி வந்து தண்ணீரில் அடங்காமல் மிதக்கிறது, வெயில் பட்டதும் பால் கலந்த பச்சையும் நீலமுமாக ஒரு நிறம் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். யுங்ஃப்ராவ் பக்கத்துப் பனிநீரும் லூட்ஷினே ஆறு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது.

அதனால் நான் சொல்வது இந்த வழி. காலையில் லூசர்னில் இன்டர்லாக்கன் ரயிலைப் பிடியுங்கள். சார்னன், லுங்கர்ன் ஏரிகளை ஒட்டிப் போய் புரூனிக் கணவாயைப் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும். ஏரிக்கரை ஊரான பிரியன்ட்ஸில் இறங்கி கப்பலுக்கு மாறுங்கள், இன்டர்லாக்கன் வரை ஒன்றேகால் மணி நேரம், நடுவில் கீஸ்பாக் அருவி காட்டிலிருந்து படிப்படியாக ஏரிப் பக்கம் இறங்குவதை மேல்தளத்தில் நின்றே பார்க்கலாம். அப்புறம் லவுட்டர்புருன்னன் என்ற மலைக் கிராமம். இன்டர்லாக்கனிலிருந்து இருபது நிமிட ரயில்தான், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே முந்நூறு மீட்டர் செங்குத்துப் பாறையிலிருந்து ஸ்டவ்பாக் அருவி விழுவது தெரியும். ரயில், கப்பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுக்கும் ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கினால் இந்த ரயில்களும் கப்பலும் அதிலேயே அடங்கிவிடும். உச்சிக்குப் போவதென்றால் பாஸ் இருந்தாலும் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

உச்சிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அன்று காலை உச்சியிலுள்ள நேரலை கேமராவை போனில் பாருங்கள். மலை பளிச்சென்று தெரிந்தால் அவர்கள் மட்டும் அப்பாவோடு போகட்டும், நீங்கள் மாமியாரோடு கப்பல் ஏறுங்கள்.