வானமெங்கும் பரவிய எக்ஸ் கதிர் ஒளிர்வை எவ்வாறு வரைபடமாக்குகிறார்கள்?

எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், இப்பணியை அதற்கு மேலிருந்தே செய்ய இயலும். 1990 ஜூன் 1 அன்று ஏவப்பட்ட, ஜெர்மனி முன்னின்று உருவாக்கிய ரோசாட் செயற்கைக்கோள், சூரியனின் திசைக்குச் செங்குத்தான பெருவட்டப் பட்டைகளாக வானத்தை வருடியது. பூமி சூரியனைச் சுற்றுவதால் அப்பட்டை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர, சுமார் ஆறு மாதங்களில் வானம் ஏறக்குறைய முழுவதும் பதிவாகிவிட்டது.

பதிவானவை அனைத்தும் தொலைவிலிருந்து வந்தவை அல்ல என்பதே உண்மையான சிக்கல். பரவிய ஒளிர்வில் சேராத, குவேசர் (தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையம்) போன்ற புள்ளி மூலங்களை மறைத்து, மின்னூட்டத் துகள்களின் இரைச்சலையும், வளிமண்டலத்தில் சிதறிய சூரிய எக்ஸ் கதிர்களையும் கழித்த பின்னரும், சில நாட்கள் நீடித்து மறையும் ஒரு மிகையொளிர்வு எஞ்சியது. அடுத்தடுத்த வருடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்ததால், ஒரே திசையில் வெவ்வேறு நேரங்களில் கிடைத்த அளவுகளை ஒப்பிட்டு அதை நீக்கினார்கள். அதன் காரணமோ, 1996இல் ஹயகுடேகே வால்மீனில் எக்ஸ் கதிர்கள் (ரோசாட்டாலேயே!) கண்டறியப்பட்ட பிறகுதான் தெளிவானது: சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம்) அயனிகள் நடுநிலை அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும்போது எக்ஸ் கதிரை உமிழ்கின்றன, பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனிலும் இதுவே நிகழ்கிறது.

2019இல் ஏவப்பட்ட இரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்கியதால் அந்த ஹைட்ரஜன் உறையின் குறுக்கீட்டிலிருந்து பெரிதும் தப்பியது. ஆனால் சூரியக் குடும்பம் முழுவதும் ஊடுருவியுள்ள நடுநிலை அணுக்களிலிருந்து எழும் ஒளிர்வு அங்கும் உண்டு. அதைக் கணித மாதிரிகளைக் கொண்டே பிரிக்க வேண்டியுள்ளது.