மக்ராஸ் ஏரியை எந்தப் பக்கமாகச் சுற்றி ஓடுவது?

கேள்வி: அயர்லாந்தில் கார்க் நகரில் வேலை பார்க்கிறேன். வாரம் மூன்று நாள் ஓடுவேன், பத்து கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும். மனைவி ஐந்து கிலோமீட்டர் வரை ஓடுவார். அக்டோபர் கடைசியில் வரும் நீண்ட வார இறுதிக்குக் கிலார்னி போகிறோம். அங்கே ஏரியைச் சுற்றி ஓட ஆசை. பெரிய ஏரியைச் சுற்றலாமா, வேறு நல்ல பாதை இருக்கிறதா? மழை, மான் இரண்டையும் நினைத்தால்தான் கொஞ்சம் தயக்கம்.

பதில்: பெரிய ஏரியை விட்டுவிடுங்கள். லாக் லேன் என்ற அந்த ஏரிக்குக் கிழக்குக் கரையில்தான் ஓடத் தோதான பூங்காப் பாதைகள் இருக்கின்றன. முழுதாகச் சுற்ற வேண்டுமென்றால் வடக்கிலும் மேற்கிலும் கார்கள் பறக்கும் சாலைகளில் இறங்க வேண்டும். அங்கே பல இடங்களில் ஏரி கண்ணிலேயே படாது. பிறகு எதற்கு அத்தனை தூரம்?

உங்களுக்கான ஏரி அதை ஒட்டித் தெற்கே இருக்கும் மக்ராஸ். கிலார்னி தேசியப் பூங்காவின் மூன்று ஏரிகளில் நடுவில் இருப்பது. அளவில் சிறியது, ஆனால் ஆழத்தில் 75 மீட்டர், அயர்லாந்தின் மிக ஆழமான ஏரி என்பார்கள். மக்ராஸ் மாளிகையில் தொடங்கி அங்கேயே வந்து முடிக்கும் சுற்று, அளந்து வைத்தது போல ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

எந்தப் பக்கமாக ஓடுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாளிகையிலிருந்து மேற்கே போய், வடகரை வழியாக ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் டினிஷ் குடிலை அடைந்து, தென்கரை வழியாகத் திரும்புங்கள். அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சைக்கிள்காரர்களுக்கு இங்கே ஒருவழிப் பாதை, அவர்களும் இதே திசையில்தான் போக வேண்டும். முதல் தடவை நான் இது தெரியாமல் மறுபக்கமாகக் கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் மணியடித்தபடி ஒரு சைக்கிள் நேரே முகத்துக்கு வந்தது. பாதி தூரம் புதரோரமாக ஒதுங்கி நின்றதுதான் மிச்சம். அதே திசையில் போனால் சைக்கிள் முதுகுப் பக்கமிருந்து வரும், ஆகவே காதில் ஹெட்போன் வேண்டாம், இடது ஓரமாகவே ஓடுங்கள். குதிரை வண்டிகளும் வரும். குதிரையைப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் தாண்டாதீர்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டு, வேகத்தைக் குறைத்து, இடம் விட்டுத் தாண்டுங்கள்.

திசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகரை பெரும்பாலும் சமதளம், உடம்பு சூடேற நல்லது. ஏற்றம் என்று இருப்பதெல்லாம் அநேகமாகத் தென்கரையில்தான். அதைப் பிற்பாதிக்கு வைத்துக்கொண்டால் தொடக்கத்திலேயே மூச்சு வாங்காது.

இரண்டு கரைகளும் இவ்வளவு வேறாக இருப்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் பாறை. வடக்கே சுண்ணாம்புக்கல், தெற்கே மணற்கல். சுண்ணாம்புக்கல்லை ஏரித் தண்ணீர் அரித்து அரித்து, கரையோரம் குடைவுகளும் சிறு குகைகளுமாக ஆக்கி வைத்திருக்கிறது. அந்தக் கல்லின்மேல்தான் ரீனடின்னா என்ற யூ மரக் காடு நிற்கிறது. யூ என்பது எப்போதும் பச்சையாக இருக்கும் ஓர் ஊசியிலை மரம். ஏறத்தாழ 25 ஹெக்டேர் இருக்கும். ஐரோப்பாவில் இப்படி யூ மரமே நிறைந்த காடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளே நுழைந்ததும் பகலிலேயே விளக்கை அணைத்தது போல இருட்டும். கீழே புல் பூண்டு கிடையாது. மண்ணே தெரியாத அளவுக்குப் பாறைமேல் பாசி, பாசிமேல் வேர். உங்கள் பிரதான பாதை கெட்டியானது, சாலையில் ஓடும் ஷூவே போதும். ஆனால் காட்டுக்குள் பிரியும் கிளைப் பாதைகளில் ஓடாமல் நடந்து போங்கள். ஈரமான பாசிபடிந்த சுண்ணாம்புக்கல் எண்ணெய் கொட்டிய தரை மாதிரி, கணுக்கால் போய்விடும்.

டினிஷுக்குச் சற்று முன்னால் பிரிக்கீன் பாலம் வரும். இடப்பக்கம் மக்ராஸ், வலப்பக்கம் லாக் லேன், பாலத்தின் அடியில் படகு போகும் வழி. பெரிய ஏரியைப் பார்க்கவில்லையே என்ற குறை இங்கே தீர்ந்துவிடும். நான்கு கிலோமீட்டர் வாக்கில் டினிஷ் குடில். அங்கே தேநீர்க்கடை உண்டு, ஆனால் அக்டோபர் கடைசியில் திறந்திருக்கும் என்று நம்பிக் கையில் தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். மூன்றாவது ஏரியான மேல் ஏரியிலிருந்து வரும் தண்ணீர் இந்த இடத்தில்தான் மற்ற இரண்டு ஏரிகளுக்கும் பிரிகிறது. பக்கத்திலேயே பழைய கல் பாலம் ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

கரையோரமாக ஆர்பியூட்டஸ் மரங்களையும் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரி மரம் என்பார்கள். மத்தியதரைக்கடல் பக்கத்து மரம், அயர்லாந்தின் இந்த மூலையில் இயல்பாக வளர்கிறது. நீங்கள் போகும் சமயத்தில் ஒரே கிளையில் சிவந்த பழமும் வெள்ளைப் பூவும் சேர்ந்தே இருக்கும். போன ஆண்டுப் பூ இந்த ஆண்டுதான் பழமாகிறது. பழத்தைத் தின்று பார்க்கலாம், விஷமில்லை. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை.

டினிஷைத் தாண்டியதும் பாதை என்-71 சாலைப் பக்கம் வந்துவிடும். கார் ஓடும் இடத்தில் கால் வைக்க நேர்ந்தால், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். டார்க் அருவி வழியிலேயே வரும். ஏறத்தாழ 20 மீட்டர் உயரம், மழைக்குப் பிறகு அமர்க்களமாக இருக்கும். அருவிக்கு மேலே போகும் படிகளை மட்டும் ஈரத்தில் ஓடி ஏற வேண்டாம்.

மான் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் நியாயமானதுதான். அக்டோபர், செம்மான்கள் இணை சேரும் பருவம். மரபணு ஆய்வின்படி இந்த மான்களின் மூதாதைகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கொண்டுவந்தவை. காலைப் பனியில் மாளிகைப் பக்கத்துப் புல்வெளியில் கிடாமான் கத்துவது, காளை அடிவயிற்றிலிருந்து கத்துவது போலவே இருக்கும். முதலில் கேட்டபோது ஏதோ மாட்டுக்குப் பிரசவ வலி என்றே நினைத்தேன். இடையிடையே விசில் போன்ற சத்தம் வந்தால் அது சிகா என்ற வேறு வகை மான். சத்தம் உங்களை நோக்கியது அல்ல, போட்டிக் கிடாவை நோக்கியது. ஐம்பது மீட்டராவது தள்ளியே இருங்கள். கிடாவுக்கும் பெண்மான் கூட்டத்துக்கும் நடுவே புகுந்து ஓடாதீர்கள், செல்ஃபிக்காக நெருங்காதீர்கள். பாதையிலேயே நின்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள்.

மான் இருந்தால் உண்ணியும் இருக்கும். லைம் நோய் அதன் மூலம்தான் வருகிறது. புல்லில் நடந்திருந்தால் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்புத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழை பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிரை நினைத்துத் தடித்த ஜாக்கெட்டோடு போனால் மூன்றாவது கிலோமீட்டரில் உள்ளே வியர்வை, வெளியே மழை. மெல்லிய முழுக்கைச் சட்டையும், கண்ணில் தண்ணீர் அடிக்காதபடி முன்விளிம்பு வைத்த தொப்பியும் போதும். காரில் காய்ந்த உள்ளாடை, காலுறை, துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள். மழையைவிட நனைந்த துணியோடு ஓட்டிக்கொண்டு திரும்புவதுதான் உடம்புக்குக் கெடுதல்.

உங்கள் மனைவிக்குத் தனிப் பாதை தேட வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்தே கிளம்புங்கள். இரண்டரை கிலோமீட்டரில் அவர் திரும்பினால் ஐந்து சரியாகிவிடும், யூ காட்டுப் பக்கமும் பார்த்தாகிவிடும். திரும்பும் வழியில் எதிரே சைக்கிள் வரும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். அது வேண்டாம் என்றால் ஊருக்குள்ளிருந்தே தேவாலயத்துக்கு எதிரே நாக்ரியர் வாசல் வழியாக நுழைந்து ராஸ் கோட்டை வரை போய் வரலாம், பாதை முழுக்கச் சமதளம். ஆனால் கனமழைக்கு அடுத்த நாள் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்குவதுண்டு.

அப்புறம், ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவது அக்டோபரின் கடைசி ஞாயிறு, பெரும்பாலும் நீங்கள் போகும் அதே வார இறுதி. அன்று காலை ஏழரைக்குள் விடிந்துவிடும், மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் போய்விடும். யூ காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு. எட்டு மணிக்கு மாளிகை வாசலில் நின்றால் சைக்கிள்களும் குதிரை வண்டிகளும் வருவதற்குள் பாதிச் சுற்று முடிந்திருக்கும்.